முதுகா, வயிறா? நாட்டுக்கு நாடு வேறாகும் பேக்கன்

நுவரெலியா, பண்டாரவளை, எல்ல ஆகிய ஊர்களின் ஹோட்டல் குசினிகளில் இன்று வேலை செய்பவர்களில் கணிசமானோர் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த நமது பிள்ளைகள். விடியற்காலையில் எழுந்து முட்டையும் பாணும், உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சியான பேக்கனும் தயார்செய்யும் பொறுப்பு பெரும்பாலும் அவர்களிடமே விழுகிறது. ஒரே பொதியிலிருந்து எடுத்து ஒரே சட்டியில் பொரித்த பேக்கனை ஒரு மேசையில் இருந்தவர் விரும்பிச் சாப்பிட, அடுத்த மேசையில் இருந்தவர் இது பேக்கனே இல்லை என்று திருப்பி அனுப்புவது இந்தக் குசினிகளில் புதிய விடயமல்ல. ஏச்சு விழுவது சமைத்தவருக்குத்தான். ஆனால், இதில் சமைத்தவரிடமும் பிழையில்லை, சாப்பிட வந்தவரிடமும் பிழையில்லை. இங்கிலாந்துக்காரர் எதிர்பார்ப்பது பன்றியின் முதுகுத் தசையை. அமெரிக்கர் எதிர்பார்ப்பது வயிற்றுப் பகுதியை. இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன என்பதையும், ஏன் அப்படி ஆனது என்பதையும் நமது பிள்ளைகளுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொல்வதில்லை.

இந்த வேறுபாட்டை வெறும் ருசி வேறுபாடாகப் பார்ப்பவர்கள் பலர். அதன் வேர் இறைச்சி வியாபாரத்தில் இருக்கிறது என்பதே எனது கருத்து. அறுத்த பன்றியில் எந்தப் பாகம் பச்சையாகவே நல்ல விலைக்குப் போனது, எந்தப் பாகம் மிஞ்சி உப்புக்குப் போனது என்பது ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு விதமாகத் தீர்மானிக்கப்பட்டது. நாக்கின் பழக்கம் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

முதலில் உடலமைப்பைப் பார்க்க வேண்டும். பன்றியை நெடுக்காக இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைத் தொங்கவிட்டால், முள்ளந்தண்டை ஒட்டி நீளமாக ஓடும் முதுகுத் தசையைக் காணலாம். அது மென்மையானது, அதன் உட்புறத்தில் கொழுப்புக் குறைவு, மேற்புறத்தில் மட்டும் வெள்ளைக் கொழுப்பு ஒரு போர்வையாகப் படர்ந்திருக்கும். அங்கிருந்து வயிற்றை நோக்கி வர வரத் தசை மெலிந்து, கொழுப்பும் தசையும் மாறி மாறி அடுக்காக அமையத் தொடங்கும். அந்த அடுக்குகள்தான் வயிற்றுப் பகுதியின் அடையாளம். முன்னால் கழுத்தும் தோளும், பின்னால் தொடையும், தலையில் கன்னமும் உண்டு. உலகின் ஏதாவது ஒரு மூலையில் இந்தப் பாகங்கள் ஒவ்வொன்றையும் உப்பிட்டுப் பேக்கனாகவோ அதன் நெருங்கிய உறவாகவோ சாப்பிடுகிறார்கள்.

பிரித்தானியாவில் பாதிப் பன்றியைத் துண்டாடாமல் முழுதாகவே உப்பிடும் வழக்கம் வேரூன்றியது. தலை, கால்கள், முள்ளந்தண்டு ஆகியவற்றை நீக்கிவிட்டு, தோளிலிருந்து தொடை வரையுள்ள முழுப் பக்கத்தையும் உப்புநீரில் அமிழ்த்துவார்கள். இதற்கு வில்ட்ஷயர் முறை என்று பெயர். அந்த மாவட்டத்திலுள்ள கான் என்ற சிற்றூரில் ஹரிஸ் குடும்பத்தார் இந்தத் தொழிலை வளர்த்தார்கள். அயர்லாந்திலிருந்து பிரிஸ்டல் துறைமுகத்தில் இறக்கப்பட்டு லண்டனுக்கு நடத்திச் செல்லப்பட்ட பன்றிக் கூட்டங்கள் அந்த வழியாகச் சென்றதால், பன்றிக்கு அங்கே குறைவிருக்கவில்லை. 1840களில் அயர்லாந்தில் பஞ்சம் வந்து வரத்துக் குறைந்தபோது, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் ஹரிஸ் அமெரிக்காவுக்குப் போனார். அங்கே ஐஸ் கட்டியைக் கொண்டு உப்பிடும் அறையைக் குளிராக வைத்திருக்கும் வழியைக் கண்டு வந்தார். அந்த முறைக்கு 1864இல் காப்புரிமை பெறப்பட்டது.

ஐஸ் வருவதற்கு முன்னர், உப்பிடும் வேலையைப் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் செய்ய முடிந்தது. இறைச்சி கெட்டுப்போகாமல் இருக்க உப்பையும் அள்ளிப் போடவேண்டியிருந்தது. அறை ஆண்டு முழுவதும் குளிராக இருக்கும் என்ற நிலை வந்ததும் உப்பைக் குறைக்கலாம் என்றானது. இன்று பிரித்தானியர் விரும்பும் மென்மையான, உப்புக் குறைந்த பேக்கன் அந்த ஐஸ் அறையிலிருந்து பிறந்ததே. கானில் இருந்த தொழிற்சாலை 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டுவிட்டது. அந்த ஊரின் முறை மட்டும் பல நாடுகளில் இன்னும் நடக்கிறது.

முழுப் பக்கத்தையும் உப்பிட்ட பிறகுதான் பிரித்தானியர் அதை வெட்டுவார்கள். முதுகுப் பகுதியில் வெட்டிய ஒரு வில்லையைத் தட்டில் வைத்துப் பார்த்தால் கதை முழுவதும் அதிலேயே தெரியும். ஒரு பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு இளஞ்சிவப்பான தசை. அதன் வெளியோரத்தில் விரலளவு வெள்ளைக் கொழுப்புக் கரை. சில வேளைகளில் அந்தக் கரைக்கு வெளியே தோலும் இருக்கும். தசையின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு வால் போல வயிற்றுப் பகுதியின் கோடுகள் சிறிது நீண்டிருக்கும். இந்த வில்லையைத்தான் அவர்கள் ரேஷர் என்கிறார்கள். வயிற்றுப் பகுதியை மட்டும் தனியே வெட்டினால் அதற்கு ஸ்ட்ரீக்கி என்று வேறு பெயர். பின்தொடை கேமன் என்றும், கழுத்துப் பகுதி கொலர் என்றும் விற்பனைக்குப் போகும். புகையூட்டியது, புகையூட்டாதது என இரண்டு வகையும் கடையில் அருகருகே இருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். பேக்கன் என்றாலே புகை மணக்க வேண்டும் என்று நினைக்கும் சமையற்காரருக்குப் புகையூட்டாத பேக்கன் கேட்கும் விருந்தினர் புதிராகத் தோன்றுவது இதனால்தான்.

பிரித்தானியாவுக்குள்ளேயே வட்டார வேறுபாடுகள் உண்டு. கிழக்கே சஃபொக்கில் கரும்பாகைச் சேர்த்து உப்பிடுவார்கள். அதன் வெளிப்புறம் கறுத்து, ருசியில் இனிப்பு ஏறியிருக்கும். ஸ்கொட்லாந்தின் ஏர்ஷயரில் பன்றியின் தோலை உரித்து, எலும்பை நீக்கி, உப்பிட்ட நடுப்பகுதியைச் சுருட்டிக் கட்டுவார்கள். வெட்டும்போது வில்லை வட்டமாக வரும். மலையகத்தின் துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் எவ்வளவு பேர் என்பது நமக்குத் தெரிந்ததே. லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தான். கொழும்பில் 1866இல் ஐஸ் கம்பனி தொடங்கியதும், 1885இல் ரயில் நானுஓயாவை அடைந்ததும், பங்களா மேசைகளுக்கு வெளிநாட்டுப் பண்டங்கள் போய்ச்சேருவதை எளிதாக்கின. அந்தப் பண்டங்களைப் பிரித்து, வெட்டி, அளவாகப் பொரித்துப் பரிமாறப் பழகிய, கோக்கிமார் எனப்பட்ட பங்களாச் சமையற்காரரின் கைத்திறன் தமிழில் எழுதப்படாமலே போனது எனக்குப் பெரிய வருத்தம். எந்தத் துரைக்கு எந்த வெட்டு, எவ்வளவு சூடு என்று அவர்கள் அறிந்திருந்த நுட்பத்தைத்தான் இன்றைய பிள்ளைகள் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது.

பிரித்தானியர் சாப்பிடும் பேக்கனில் ஒரு பெரும் பங்கு நெடுங்காலமாக டென்மார்க்கிலிருந்து வருவது. 1887இல் ஜேர்மனி உயிருள்ள பன்றிகளின் இறக்குமதியைத் தடைசெய்தது. அதுவரை அங்கே பன்றிகளை அனுப்பிவந்த டேனிஷ் விவசாயிகள் அதே ஆண்டில் ஹோர்சென்ஸ் நகரில் முதலாவது கூட்டுறவுப் பேக்கன் தொழிற்சாலையைத் திறந்து, பிரித்தானியச் சந்தையை நோக்கித் திரும்பினார்கள். வெண்ணெய் எடுத்த பிறகு கூட்டுறவுப் பாற்சாலைகளில் மிஞ்சிய பாலே பன்றிக்குத் தீவனமானது. பிரித்தானியர் முதுகுப் பேக்கன் கேட்டதால், நீண்ட முதுகும் மெல்லிய கொழுப்பும் உடைய லாண்ட்ரேஸ் என்ற இனத்தையே அவர்கள் வளர்த்தெடுத்தார்கள். காலைத் தட்டில் ஒரு நாட்டவர் கொண்ட விருப்பம் இன்னொரு நாட்டுப் பன்றியின் உடலையே நீட்டியது என்பது இந்த வரலாற்றில் என்னை மிகவும் வியக்கவைக்கும் செய்தி.

அயர்லாந்தில் காலையில் ரேஷர் பொரிப்பதோடு, பேக்கனைப் பெரிய கட்டியாகவே அவித்து, அந்த நீரிலேயே கோவாவையும் அவித்துச் சாப்பிடும் வழக்கமும் உண்டு. அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ்காரர்கள் அங்கே தங்கள் பேக்கனுக்குப் பதிலாக உப்பிட்ட மாட்டிறைச்சியைக் கோவாவோடு சேர்க்கப் பழகிக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. சோளம் கொழிக்கும் நடுமேற்கு மாநிலங்களில் பன்றிகள் கொழுத்து வளர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சின்சினாட்டி நகரத்துக்குப் பன்றி நகரம் என்ற பட்டப்பெயர் கிடைக்கும் அளவுக்கு அங்கே இறைச்சித் தொழில் பெருகியது. அந்தப் பெரிய தொழிற்சாலைகள் பிரித்தானியரைப் போல முழுப் பக்கத்தையும் ஒன்றாக உப்பிடும் வழியில் தொடர்ந்து போகவில்லை. உடலைப் பாகம் பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்கான சந்தைக்கு அனுப்பின. குளிரூட்டிய ரயில் பெட்டிகள் வந்த பிறகு முதுகுத் தசை பச்சையாகவே சொப்ஸ் என்றும் ரோஸ்ட் என்றும் நல்ல விலைக்குப் போனது. தொடை ஹாம் ஆனது. வயிறு உப்புக்கும் புகைக்கும் போனது. ஆகவே அமெரிக்கருக்குப் பேக்கன் என்றால் அந்த நீண்ட, கோடு கோடான வயிற்று வில்லைதான். முதுகில் பேக்கன் செய்வது அவர்களுக்கு நல்ல இறைச்சியை உப்பில் போட்டது போலத் தோன்றும்.

அங்கே புகை கட்டாயம் என்று சொல்லும் அளவுக்கு முக்கியம். ஹிக்கரி மரப் புகை காட்டமானது, ஆப்பிள் மரப் புகை இளகியது. வடகிழக்கில் மேப்பிள் மரமும் சோளக்கதிரின் தண்டும் எரிப்பார்கள். டென்னசி, கென்டக்கி போன்ற தென் மாநிலங்களில் உலர் உப்பைத் தேய்த்து, நீண்ட நாள் வைத்து, உப்பும் புகையும் அழுத்தமாக ஏறிய நாட்டுப்புறப் பேக்கன் செய்கிறார்கள். கன்னப் பகுதியில் செய்த பேக்கனைப் புத்தாண்டன்று காராமணியோடு சமைப்பதும் தென்புலத்து வழக்கம். 1924இல் ஒஸ்கார் மேயர் நிறுவனம் வில்லைகளாக வெட்டிப் பொதிசெய்த பேக்கனை விற்பனைக்கு விட்டது. மெல்லிய, ஒரே சீரான, மொறுமொறுவென்று பொரியும் வில்லை நாடெங்கும் வழமையாவதற்கு அத்தகைய பொதிகள் வழிசெய்தன.

கனடாவின் ரொறன்ரோவில் வில்லியம் டேவிஸ் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியாவுக்குப் பேக்கன் ஏற்றுமதி செய்தார். முதுகுத் தசையை உப்புநீரில் ஊறவைத்து, நெடுநாள் இருக்கும்படி உலர்ந்த மஞ்சள் பட்டாணி மாவில் உருட்டினார்கள். பின்னர் அந்த இடத்தைச் சோள மா பிடித்துக்கொண்டது. இது புகையூட்டாதது, பச்சையாக விற்கப்படுவது. அமெரிக்கக் கடைகளில் கனடியப் பேக்கன் என்று விற்கப்படும் வட்ட வில்லையோ ஏற்கெனவே வேகவைத்துப் புகையூட்டியது. நமது புலம்பெயர் உறவினர் பலர் ரொறன்ரோவில் இருப்பதால், அங்கிருந்து விடுமுறைக்கு வருபவர் கனடியப் பேக்கன் என்று கேட்டால் இரண்டில் எதைச் சொல்கிறார் என்று விசாரித்துக்கொள்வது நல்லது. அவுஸ்திரேலியர் முதுகுத் தசையும் வயிற்று வாலும் சேர்ந்த முழு நீள வில்லையை நடுப் பேக்கன் என்பார்கள். முதுகுத் தசை மட்டும் வேண்டுமானால் குறுவெட்டு என்று கேட்பார்கள்.

சட்டியில் இந்த வேறுபாடுகள் உடனே தெரிந்துவிடும். வயிற்று வில்லையைக் குளிர்ந்த சட்டியில் பரப்பி, சிறு நெருப்பில் தொடங்க வேண்டும். கொழுப்பு மெல்ல உருகி வெளியேறும்போது வில்லை தன் நெய்யிலேயே பொரிந்து மொறுமொறுக்கும். முதுகு வில்லையை அப்படி விட்டால் தசை காய்ந்து தோல்போல ஆகிவிடும். அதற்குச் சட்டியைச் சூடாக்கி, சிறிது எண்ணெய் தடவி, கொழுப்புக் கரை பொன்னிறமாகித் தசை இன்னும் மென்மையாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். பல நேரங்களில் வில்லையிலிருந்து வெள்ளை நுரையாக ஒரு நீர் கசிந்து சட்டியில் தேங்கி, இறைச்சி பொரியாமல் அவிந்துகொண்டிருப்பதைக் காணலாம். அது தொழிற்சாலையில் இறைச்சிக்குள் ஊசிவழியே ஏற்றிய உப்புநீரும் அதில் கரைந்து வந்த இறைச்சிப் புரதமும் ஆகும். அமெரிக்க விதிகளின்படி தயாரான பேக்கன் உப்பிடுவதற்கு முன்பிருந்த பச்சை வயிற்றின் எடையைத் தாண்டக்கூடாது. ஏற்றிய நீர் புகையறையிலேயே வெளியேறிவிட வேண்டும். பிரித்தானியாவில் நீர் சேர்ப்பதற்குத் தடையில்லை, ஆனால் 5 சதவீதத்துக்கு மேற்பட்டால் அதைப் பண்டத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். நுரை தேங்கினால் அதை ஊற்றிவிட்டு, சட்டியைத் துடைத்து மீண்டும் தொடங்குவதே சரியான வழி. சமைத்தவரின் கைப்பிழையாக அதைக் கருதுவது அநியாயம்.

ஐரோப்பாவின் மற்றப் பகுதிகளில் காலை உணவுக்கான வில்லை என்ற எண்ணமே பெரிதாக இல்லை. உப்பிட்ட பன்றிக் கொழுப்பு சமையலுக்கான தாளிதம் போன்றது. இத்தாலியரின் பஞ்செத்தா வயிற்றுப் பகுதிதான், ஆனால் பெரும்பாலும் புகையூட்டாதது. உப்பும் மிளகும் தடவி, தட்டையாகவோ சுருட்டியோ வாரக்கணக்கில் காயவிடுவார்கள். கன்னத்தில் செய்யும் குவாஞ்சாலே இன்னும் கொழுப்பு மிகுந்தது. முட்டையும் சீஸும் சேர்ந்த ரோம் நகரத்துக் கார்போனாரா பாஸ்தாவும் அமாத்ரிச்சே ஊரின் தக்காளிக் குழம்பும் அதன் நெய்யில்தான் நிற்கின்றன. நமது ஹோட்டல்களில் கார்போனாராவுக்குப் புகை மணக்கும் பேக்கனை வெட்டிப் போடுவதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன், ஆனால் புகை அந்த முட்டையையும் சீஸையும் மூடிவிடும் என்பதை அறிந்து செய்ய வேண்டும். ஹங்கேரியர் முதுகுக் கொழுப்பைக் கம்பியில் குத்தித் தணலில் வாட்டி, வடியும் நெய்யைப் பாணில் ஏந்திச் சாப்பிடுகிறார்கள். சீனாவில் குளிர்கால இறுதியில் வயிற்றுப் பகுதியை நீள நீளமாக வெட்டிப் பதப்படுத்துவார்கள்; ஹுனானிலும் சிச்சுவானிலும் புகையில் தொங்கும், குவாங்டொங்கில் சோயா சோஸில் ஊறிக் காற்றில் காயும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு எழும் ஒரு கேள்வி: குளிருக்குப் பேர்போன நமது மலைகளில் ஏன் இப்படி ஒன்று வளரவில்லை? 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். நமக்கு அது குளிர். உப்பில் கிடக்கும் பன்றி இறைச்சிக்கு அது வெப்பம். உப்பு உள்ளே இறங்குவதற்குள் கிருமி பெருகாமலிருக்க 4 பாகையை ஒட்டிய குளிர் வேண்டும். தை மாதத்து இரவுகளில் உறைபனி விழுந்தாலும், பகலில் வெயில் ஏறிவிடும். ஈரமும் பகைதான், மாதக்கணக்கில் மூடுபனியும் மழையுமாக இருக்கும் இடத்தில் தொங்கவிட்ட இறைச்சி காய்வதற்கு முன் பூசணம் பிடிக்கும். ஆகவே இந்த மண்ணுக்குப் பொருந்தியது வேறு வழி. இறைச்சியை மெல்லிய துண்டமாக வெட்டி, உப்பும் மஞ்சளும் தடவி, வெயிலிலும் அடுப்புப் புகையிலும் கட்டையாகக் காயவைக்கும் உப்புக்கண்டம் அது. கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகளான மிலாறு எரியும் லயத்து வீட்டு அடுப்பின் மேல் உள்ள சூடும் புகையும் மெல்லிய துண்டத்தைக் காக்கும். ஐந்தாறு கிலோ வயிற்றுப் பகுதியின் நடுவை அவை எட்டமாட்டா.

உப்போடு வேறொன்றும் பேக்கனில் இருக்கிறது. பழைய காலத்தில் வெடியுப்பும் இன்று சோடியம் நைத்திரைற்றும் அந்த வேலையைச் செய்கின்றன. இறைச்சி வெந்த பிறகும் இளஞ்சிவப்பாக இருப்பதும், பேக்கனுக்கே உரிய அந்த மணமும், பொட்டுலிசம் என்ற கொடிய நஞ்சூட்டலை உண்டாக்கும் கிருமி வளராதிருப்பதும் இதனால்தான். அதே வேளையில், அதிக சூட்டில் கருகப் பொரிக்கும்போது இதிலிருந்து தீங்கான நைத்திரோசமீன்கள் உண்டாகலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோயை உண்டாக்கும் முதலாம் தொகுதியில் சேர்த்தது; நாளொன்றுக்கு 50 கிராம் வீதம் உண்பது பெருங்குடற் புற்றுநோயின் அபாயத்தை ஏறத்தாழ 18 சதவீதத்தால் கூட்டும் என்றும் கணித்தது. ஹோட்டலில் எப்போதாவது சாப்பிடும் விருந்தினரைவிட, தட்டில் மிஞ்சியதைத் தினமும் சாப்பிடும் குசினித் தொழிலாளிக்கே இந்தச் செய்தி முக்கியம்.

இலங்கையில் பன்றி வளர்ப்பின் மையம் மலையகமல்ல; நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் புத்தளம் நோக்கிச் செல்லும் மேற்குக் கரையோரம். மலைநாட்டு ஹோட்டல்கள் அங்கிருந்து வரும் இறைச்சியையும் தொழிற்சாலைப் பொதிகளையும் நம்பியிருக்கின்றன. பொதியை வாங்கும்போது பெயரைவிட வில்லையின் உருவத்தைப் பார்ப்பதே பயன்தரும். நீண்டு, கோடு கோடாக இருந்தால் வயிறு. ஒரு பக்கம் அகன்ற தசையும் மறுபக்கம் ஒடுங்கிய வாலும் இருந்தால் முதுகு. எல்லாப் பக்கமும் ஒரே சீரான செவ்வகமாக, இழையோட்டம் தெரியாமல் இருந்தால், அது துண்டுகளை அழுத்தி ஒட்டியதாக இருக்கலாம்.

மலையக நகரங்களில் ஒரே குசினியில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் வேலை செய்கிறார்கள். வரும் விருந்தினரும் அப்படியே. பன்றி உண்ணாதவர்களுக்காக மாட்டிறைச்சியிலும் வான்கோழியிலும் பேக்கன் போன்ற வில்லைகள் செய்யப்படுகின்றன. மாட்டிறைச்சிப் பேக்கனை ஓர் இந்து விருந்தினருக்கு முன்னறிவிப்பின்றி வைப்பதும், பன்றி பொரித்த சட்டியில் வான்கோழி வில்லையைப் பொரித்து ஒரு முஸ்லிம் விருந்தினருக்கு வைப்பதும் ஒரே அளவு பாரதூரமானவை. ஆகவே உணவுப் பட்டியலில் பேக்கன் என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாமல், எந்த விலங்கின் இறைச்சி, முதுகா வயிறா, புகையூட்டியதா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுவதும், சட்டியையும் இடுக்கியையும் தனித்தனியே வைத்திருப்பதும் நிர்வாகத்தின் கடமை. அந்த மூன்று விவரங்களையும் மேசையில் வாய்விட்டுக் கேட்டு எழுதிவரப் பரிமாறுபவருக்குப் பழக்க வேண்டியதும் நிர்வாகத்தினரே.